ஏலமலைத் தொழிலாளரும் மருத்துவ வசதியும்



பொழுது விடியுமுன் போடியிலிருந்து ஜீப் புறப்படுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். குடியிருப்பு ஒரு மாநிலம், கூலி மற்றொரு மாநிலம். நோய் வந்தால் எந்த மாநிலத்தாரிடம் போய் நிற்பது?

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதியை முதலாளியின் கடமையாக்கியது. தேயிலை, காப்பி, ரப்பருக்கு இருந்த அந்தப் பாதுகாப்பில் ஏலம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் அதில் வரவில்லை. நம்மவர் பலர் கூலிக்குப் போவதோ சிறு தோட்டங்களுக்கு!

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம், மறுப்பில்லை. ஆனால் பகலில் ஊழியர் வரும் நேரத்தில் நம் தாய்மார்கள் மலைமேல் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர் காண்பது பூட்டிய கதவு. பெரும்பாலோர் வீட்டில் இருப்பது ஞாயிறன்றுதான். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பரிசோதனை நடத்தச் சுகாதாரத் துறையைக் கேட்போம். மண்டபம் எல்லா மதத்தாருக்கும் திறந்திருக்கட்டும்.

மருந்தடிக்கும் தம்பிமாரே, அதே சட்டையோடு சோற்றில் கை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். பச்சிலையில் நேரத்தைப் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போன் எட்டாத இடமானால் கிடைத்த ஜீப்பில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.