யார் வீட்டு ரத்தம்?



லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்துப் புண், ஓநாய் கடித்த தடம்போல் இருக்கிறதென்று அந்தக் காலத்து ஐரோப்பியர் வைத்த பெயர். என் அக்கா மகளுக்கு அது வந்தபோது நாங்கள் ஓநாயை நினைக்கவில்லை, வெயிலைத்தான் நினைத்தோம். ஒரு கன்னத்திலிருந்து மூக்குத்தண்டைத் தாண்டி மறு கன்னம் வரை சிவப்பு. மூன்று மாதம் கற்றாழை தடவினோம். விரல் கணுவெல்லாம் வீங்கி, ஜடை பின்னிக்கொள்ளக்கூட முடியாமல் போன பிறகுதான் ரத்தப் பரிசோதனை. நோயின் பெயர் தெரிந்த அன்றே வீட்டில் ஒரு கேள்வி கிளம்பியது: "இது யார் வீட்டு ரத்தம்?" அப்பா வழியார் அம்மா வழியாரைப் பார்த்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இன்று மைக் பிடித்திருக்கிறேன்.

ஸ்பெயினில் ஒரு சிறுமி. ஏழு வயதில் கடுமையான லூபஸ். ஆய்வாளர் கரோலா வினுவேசாவின் குழு அவள் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வாசித்துப் பார்த்து, 2022-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. டிஎல்ஆர்7 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! அந்த மரபணு உண்டாக்கும் புரதம், வைரஸின் ஆர்என்ஏ உள்ளே வந்தால் சத்தம் போடுகிற கூர்க்கா. எழுத்து மாறியதும் கூர்க்காவுக்குக் காது மிதமிஞ்சிக் கூர்மையாகிவிட்டது. வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்துக்கே விசில் ஊதுகிறார். அதே மாற்றத்தை எலிகளில் வைத்தார்கள். எலிக்கும் லூபஸ் வந்தது. அந்தப் பிழை அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. அந்தக் குழந்தையிடம்தான் புதிதாய் முளைத்தது. யார் வீட்டு ரத்தம் என்பீர்கள்?

இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று உறங்கிவிட வேண்டும். சில செல்களில் டிஎல்ஆர்7 மட்டும் உறங்காமல் விழித்திருக்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒற்றைப் பிழையால் நோய் வருவது அபூர்வம். பெரும்பாலோருக்குப் பல மரபணுக்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்கின்றன. அவற்றோடு வெயில், ஹார்மோன், ஏதோ ஒரு வைரஸ். உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்.

எனக்குப் பிடித்தது எஃப்சிஜிஆர்2பி என்ற மரபணு. நோய் எதிர்ப்பு செல்லுக்கு அதுதான் பிரேக். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பலரிடம் அந்தப் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. லூபஸ் அபாயம் கூடுகிறது, சரி. ஆனால் அதே தளர்ச்சி கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது! கொசுவோடு காலங்காலமாய் மல்லுக்கட்டி உயிர் தப்பியவர்கள் விட்டுப்போன சொத்து அது. வேடிக்கை பாருங்கள், லூபஸுக்கு இன்று தினமும் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் மலேரியா மாத்திரைதான். நம் கூர்க்காவைக் கொஞ்சம் அமர்த்திவைக்கிறது.

போன மாதம் என் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நோயை அக்கா மறைக்கவில்லை. வந்த பெரியவர் தயங்கித் தயங்கி, "பரம்பரையா வர்றதுங்களா?" என்றார். அக்கா வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஆமாங்க, மலேரியாவுல பொழைச்ச பரம்பரை."

அவளிடம் அந்தத் தளர்ந்த பிரேக் இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. நான் திருத்தவும் இல்லை. பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.