டாக்டரின் படிப்புக்குப் பணம் கட்டுவது யார்?

(வண்டிப்பெரியாறு குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோய் முற்றினால் நாம் மலையிறங்கிக் கம்பத்துக்கும் தேனிக்கும் போகிறோம். வாளையார் பக்கத்து நம் ஆட்கள் கோவைக்குப் போகிறார்கள். சீட்டில் எழுதிய மருந்தை, கொழுந்தெடுத்த கூலியைக் கொடுத்து வாங்குகிறோம். அந்த மருந்தின் பெயரை டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

மருத்துவம் நாளும் மாறுகிற தொழில். ஆகவே டாக்டர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் மண்டப வாடகை, சாப்பாடு, பயணச் செலவு இவற்றை யார் தருவது? அந்த இடத்தில் மருந்துக் கம்பெனி பணப்பையோடு நுழைந்தது.

பரிசு, பயணச் செலவு, விருந்து, ரொக்கம் எதையும் டாக்டர்கள் கம்பெனியிடம் வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் கவுன்சில் தடுத்தது. அத்தடை டாக்டர்களின் சங்கங்களுக்கும் இருந்தது. 2016-இல் சங்கங்களை மட்டும் விலக்கிவிட்டார்கள். முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்த கதை!

2022 பிப்ரவரியில், ஒரு மருந்துக் கம்பெனியின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விழுகிறது என்றது. அதாவது, கருத்தரங்கின் விருந்துக்குப் பணம் கட்டியவர்கள் நாமேதான்.

கம்பெனி நடத்தும் கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போகக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் 2-இல் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. மூன்றே வாரத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு, கம்பெனிகளுக்கு நடத்தை விதிகள் வெளியிட்டது. வெளிநாட்டில் கருத்தரங்கு கூடாது, செலவைப் பகிரங்கப்படுத்தவேண்டும் என்கிறது. ஆனால் புகாரை முதலில் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கம் அமைக்கும் குழுவே!

"கம்பெனி தராவிட்டால் சிற்றூர் டாக்டர் எப்படிப் படிப்பார்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அவர் படிக்காவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் எங்கள் ரயில்வேயைப் பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டரைத் திருச்சிப் பயிற்சிப் பள்ளிக்கு மறுபயிற்சிக்கு அனுப்பினால் செலவு ரயில்வேயுடையது. சிக்னல் விற்கிற கம்பெனியின் செலவில் அவர் படித்துவந்தால், நீங்கள் அந்த ரயிலில் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே, அரசுச் செலவில் தொடர்கல்வி நடக்கட்டும். வசதியுள்ள டாக்டர்கள் கட்டணம் கட்டட்டும். கம்பெனி யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பெயரோடு வெளியிடச் சட்டம் வரட்டும். மருந்துக் கம்பெனிப் பையைச் சுமக்கிற விற்பனைப் பிரதிநிதிகளின் சம்மேளனமே சட்டம் கேட்டு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. அவர்களும் தொழிலாளிகள்; அவர்களோடு நாம் நிற்கவேண்டும்.

நம் பங்குக்கு ஒன்று செய்வோம். சீட்டு வாங்கும்போது, "மருந்தின் பொதுப் பெயரையும் எழுதுங்கள், ஐயா" என்று மரியாதையாகக் கேட்போம். கேட்கத் தயங்குபவர்களோடு சங்கத் தோழர் ஒருவர் துணைக்குப் போகட்டும்.