ஏரிக்கரை யாருக்கு?



ராஜஸ்தானில் சவாய் மாதோபூர் என்ற ஊரை ஒட்டி ரந்தம்போர் காடு இருக்கிறது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. குன்றின் மேல் பழைய கோட்டை. கோட்டைக்குக் கீழே மூன்று ஏரிகள்: பதம் தலாவ், ராஜ்பாக், மாலிக் தலாவ். பாறையும் முட்புதருமான வறண்ட நிலம் அது. சித்திரை வைகாசியில் ஓடைகள் காய்ந்துவிடும். ஏரிகளில் தண்ணீர் மிஞ்சும். கடமான்கள் மார்பளவு நீரில் நின்று நீர்ப்பூண்டு மேயும். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் தாகத்துக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். குட்டிகளை வைத்திருக்கும் ஒரு தாய்ப்புலிக்கு இதைவிட நல்ல இடம் அந்தக் காட்டில் கிடையாது. அதனால்தான் இந்த ஏரிக்கரைக்காக ஒரே குடும்பத்துப் பெண் புலிகள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொள்கின்றன.

மச்லி என்ற புலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வனத்துறைக் கணக்கில் அவள் டி-16. உலகத்திலேயே மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட புலி என்று அவளைச் சொல்வார்கள். 2003-இல் ஒரு முதலையோடு அவள் கட்டிப் புரண்ட காட்சியைப் பல நாட்டுத் தொலைக்காட்சிகள் காட்டின. அவள் படத்தோடு தபால் துறை சிறப்பு உறையே வெளியிட்டது. அப்பேர்ப்பட்ட மச்லியை ஏரிக்கரையிலிருந்து விரட்டியது முதலையும் அல்ல, வெளியிலிருந்து வந்த புலியும் அல்ல. அவள் பெற்ற மகள், டி-17, சுந்தரி.

மச்லிக்கு அப்போது வயதாகிவிட்டது. கோரைப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மகளுக்கோ இளமை. அம்மா காட்டின் இன்னொரு பக்கத்துக்கு ஒதுங்கினாள். மச்லி தொடக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்ததும் தன் தாயின் பங்கிலிருந்து வெட்டி எடுத்துத்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சுந்தரிக்குப் பிறகு அவள் உடன்பிறந்த டி-19, கிருஷ்ணா, ஏரிகளுக்கு வந்தாள். கிருஷ்ணாவை அவள் மகள் டி-84 ஒதுக்கினாள்; முகத்தில் அம்பு முனை போன்ற கோடு இருந்ததால் அவளுக்கு ஏரோஹெட் என்று பெயர். ஏரோஹெட்டின் மகள்கள் ரித்தி, சித்தி. இருவரும் முதலில் தங்களுக்குள் மோதினார்கள். அதில் வென்ற ரித்தி, அம்மாவையும் ஏரிக்கரையிலிருந்து நகர்த்தினாள். ஏரோஹெட் 2025 ஜூன் மாதம் நோயுற்று இறந்தாள்.

சுற்றுலா வண்டிகளில் இருந்து எடுக்கும் காணொளிகளில் இதெல்லாம் மெகா தொடர் போல வருகிறது. ராணி, துரோகம், பழிவாங்கல் என்று தலைப்பு வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பின்னணி இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நடப்பது பாகப்பிரிவினைதான். ஆனால் பத்திரமும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது.

பெண் புலி ஏன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் தேடுகிறது? தெரிந்த நிலம் என்பதால்தான். எந்தப் பாறை இடுக்கில் குட்டியை மறைக்கலாம், எந்தத் துறையில் மான் இறங்கும் என்பதையெல்லாம் ஒன்றரை இரண்டு வருடம் அம்மா பின்னால் நடந்தே கற்றிருக்கும். மகள்கள் கூடுமானவரை அருகிலேயே தங்கப் பார்க்கும். ஆண் குட்டிகள்தான் தூரம் போகும். இரை செழிப்பாக உள்ள இந்தியக் காடுகளில் ஒரு பெண் புலிக்குச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் போதும். அந்தப் பரப்புக்குள் இன்னொரு பெண்ணை அது சகிக்காது. ஆண் புலி அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பை வைத்துக்கொண்டு, அதற்குள் இரண்டு மூன்று பெண் புலிகளின் இடங்களையும் அடக்கிக்கொள்ளும். இரை குறைந்தால் பரப்பு விரியும். ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காடுகளில் ஒரு பெண் புலியே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது.

மத்தியப் பிரதேசத்துப் பெஞ்ச் காட்டில் காலர்வாலி என்று ஒரு புலி இருந்தது. 2022 ஜனவரியில் இறந்தது. எட்டு ஈற்றில் 29 குட்டிகள் போட்ட தாய் அது. 29 என்று கேட்டதும் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் காடு ரப்பர் அல்லவே, இழுத்தால் நீள்வதற்கு? அத்தனை குட்டிகளுக்கும் அந்தக் காட்டில் இடம் ஏது?

சரி, சண்டைக்கு வருவோம். புலிகள் எந்நேரமும் மோதிக்கொண்டே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் ஒரு புலியின் அன்றாட உழைப்பில் பெரும்பகுதி, மோதலைத் தவிர்ப்பதற்காகவே செலவாகிறது. எல்லை ஓரமாக நடந்து, மரத்துக்குப் புறங்காட்டி நின்று, வாலைத் தூக்கிப் பின்பக்கமாக வாசனைத் திரவத்தைப் பீய்ச்சும். சாய்ந்து நிற்கும் மரத்தின் அடிப்பக்கம் அதற்கு விருப்பமான இடம். மழை எளிதில் கழுவிவிடாது. தரையைப் பின்னங்காலால் பறித்து வைக்கும். பட்டையில் நகக் கீறல் போடும். அந்த வழியே வரும் இன்னொரு புலி முகர்ந்து, மேலுதட்டைச் சுருக்கி, வாயைத் திறந்து நின்று அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். ஆணா பெண்ணா, பெண் என்றால் பருவத்தில் இருக்கிறதா, அடையாளம் இன்றையதா போன மாதத்ததா எல்லாம் அதில் இருக்கிறது. புதிதாக இருந்தால் விலகிப் போகும். பழசாகிவிட்டால் ஒரு அடி உள்ளே வைத்துப் பார்க்கும்.

அந்த வாசனை எப்படியிருக்கும் தெரியுமா? பாசுமதிச் சோறு வெந்த மணம். ரதன்லால் பிரம்மச்சாரி என்ற வங்காள விஞ்ஞானி இதற்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி, 1974-இல் கிடைத்த ஒரு பெண் குட்டியை வீட்டிலேயே வளர்த்தார், பெயர் கைரி. அந்தப் புலியை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு பிரம்மச்சாரிக்குக் கிடைத்தது. பாசுமதிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் புலி பீய்ச்சும் திரவத்திலும் இருக்கிறது என்று பின்னாளில் அவர் கண்டறிந்தார். இலங்கையில் கறிக்குப் போடும் ரம்பை இலையிலும் அதேதான். காட்டில் நடக்கும்போது சோறு வடித்த வாசனை வந்தால் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? காயம் புலிக்குக் கட்டுப்படியாகாது. முன்னங்காலில் ஆழமாகப் பல் இறங்கிவிட்டால் கடமானைப் பிடித்து அழுத்த முடியாது. வேட்டை இல்லையென்றால் பட்டினி. சண்டையில் ஜெயித்த புலிகூடக் காயத்தால் சில வாரங்களில் சாகலாம். அதனால் பெரும்பாலும் உறுமல், பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால்களால் அறைவது, அத்தோடு ஒன்று பின்வாங்கிவிடும். பின்வாங்க இடம் இருக்கும்வரை இந்த முறை நன்றாகவே நடக்கும்.

ஆண் புலிகளின் மோதலில் ஆபத்து அதிகம், காரணம் குட்டிகள். புதிதாக ஓர் ஆண் வந்து பழைய ஆணை விரட்டிவிட்டால், பழையவனின் குட்டிகளை அது பெரும்பாலும் விட்டுவைக்காது. குட்டியை இழந்த தாய் விரைவில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். புதியவனின் வாரிசு பிறக்கும். கேட்கக் கசப்பாக இருக்கிறது. ஓர் ஆண் ஒரு பரப்பை வைத்திருக்க முடிவது சில ஆண்டுகள்தான். அதற்குள் அதன் குட்டிகள் தன் காலில் நிற்க வேண்டும். ஆகவே தகப்பன் பலமாக இருக்கிறானா என்பதுதான் குட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஆனாலும் குட்டிகளை வளர்ப்பது வழக்கமாகத் தாய்தான். ரந்தம்போர் இதற்கும் ஒரு விதிவிலக்கைக் காட்டியது. 2011-இல் டி-5 என்ற பெண் புலி, இரண்டு சின்னப் பெண் குட்டிகளை விட்டுவிட்டு இறந்துபோனது. குட்டிகள் பிழைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் டி-25 என்ற ஆண் புலி, அவற்றின் தகப்பன், அவற்றோடு சேர்ந்து நடப்பது தானியங்கி கேமராவில் பதிவானது. தன் இரையில் பங்கு கொடுத்தது. மற்ற புலிகள் நெருங்காமல் பார்த்துக்கொண்டது. அந்த ஆணுக்கு வனத்துறையினர் வைத்திருந்த செல்லப்பெயர் ஜாலிம், அதாவது கொடுமைக்காரன்! வளர்ந்த அந்த இரண்டு குட்டிகளையும் 2013 ஜனவரியில் சரிஸ்கா காட்டுக்கு மாற்றினார்கள். வேட்டைக்காரர்களால் ஒரு புலிகூட மிஞ்சாமல் போன காடு சரிஸ்கா. 2008 முதல் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுபோய் விட்டு அதை மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இனி, தோற்ற புலிகள். நம் கண் எப்போதும் ஏரிக்கரையில் ஜெயித்தவள் மேலேயே இருக்கிறது. 2006-இல் 1,411 என்று மதிப்பிட்ட இந்தியப் புலிகள் 2022-இல் 3,682 ஆகிவிட்டன என்று பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் நல்ல காடுகள் நிரம்பிய பிறகு பிறக்கும் ஒவ்வொரு குட்டியும், யாரையாவது விரட்டும் அல்லது தானே வெளியேறும். அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் இன்று புலியின் எதிர்காலமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

மச்லியின் மகன்களில் ஒன்று புரோக்கன் டெயில், வால் முறிந்தவன். இளவயதில் ரந்தம்போரை விட்டுத் தெற்கே கிளம்பியது. வயலும் ஊரும் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தர்ரா காட்டை அடைந்தது. புலியே இல்லாதிருந்த காடு. 2003-இல் டெல்லி மும்பை தடத்தில் ரயில் மோதி அங்கே இறந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே தர்ராவை உள்ளடக்கி முகுந்தரா மலைப் புலிகள் காப்பகத்தை அறிவித்தார்கள். அந்தக் காடு புலிக்கு ஏற்றது என்பதை அந்த ஆண் புலி நமக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது.

டி-38 என்ற இன்னொரு ஆண், 2010-இல் சம்பல் ஆற்றைத் தாண்டி மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குப் போனது. அங்கே எதிரியும் இல்லை, துணையும் இல்லை. பத்து ஆண்டுகள் போல இருந்துவிட்டு 2020-இல் ரந்தம்போருக்கே திரும்பிவிட்டது. மகாராஷ்டிரத்தில் திபேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் ஆண், கழுத்தில் ரேடியோ பட்டையோடு 2019-இல் கிளம்பி, சுமார் 3,000 கிலோமீட்டர் சுற்றி ஞானகங்கா சரணாலயத்தில் போய்ச் சேர்ந்தது. பருத்திக் காட்டில் படுத்தது, கால்வாயோரம் நடந்தது, பெரும்பாலும் இரவில்தான். அது போன வழியில் இருந்தவர்கள் பலருக்குப் புலி போனதே தெரியாது.

வழி அமைத்துக் கொடுத்தால் புலி அதைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெஞ்ச் காட்டை ஊடறுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், மகாராஷ்டிரப் பகுதியில், ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டினார்கள். மேலே லாரி போகும், கீழே விலங்கு போகும். நீதிமன்றம்வரை போய்ப் போராடித்தான் அது கிடைத்தது. கேமரா வைத்துப் பார்த்தபோது 11 தனித்தனிப் புலிகள் அந்த அடிப்பாதைகளில் நடமாடியது தெரியவந்தது. உடல் வரிகள் கைரேகை போலப் புலிக்குப் புலி மாறும் என்பதால் கணக்கில் குழப்பம் இல்லை.

ரந்தம்போருக்கும் முகுந்தராவுக்கும் நடுவே, பூந்தி மாவட்டத்தில் ராம்கட் விஷ்தாரி காட்டை 2022-இல் புலிகள் காப்பகமாக்கினார்கள். ரந்தம்போரிலிருந்து டி-115 என்ற ஆண் அதற்கு முன்பே தானாக நடந்து அங்கே போயிருந்தது. அதற்குத் துணையாக டி-102 என்ற பெண் புலியை 2022 ஜூலையில் கொண்டுபோய் விட்டார்கள். மறு ஆண்டே குட்டிகள். அவற்றில் பெண் குட்டிகள் பெரிதானால், அங்கேயும் எந்த நீர்நிலை யாருக்கு என்ற வழக்கு தொடங்கிவிடும். தொடங்கட்டும், அந்தக் காட்டில் இன்னும் காலியிடம் இருக்கிறது.