தாளில் அடங்கும் கிருமி உடம்பில் அடங்காதது ஏன்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில் கிருமிகளைப் பற்றிப் பேச நாம் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர், சிறுநீர்க் குழாயோடு படுத்திருப்பவர், ஆறாத சர்க்கரைப் புண்ணால் வருந்துபவர் ஆகியோருள் ஒருவரேனும் இல்லாத தெரு நம் காலனியில் இல்லை. "இந்த மருந்து கேட்கும் என்று பரிசோதனைத் தாளில் எழுதியிருந்தது, பத்து நாள் கொடுத்தும் கேட்கவில்லையே!" என்று அவ்வீட்டார் நொந்து கூறுவதைப் பலமுறை செவியுற்றிருக்கிறோம். உடனே டாக்டர் மீதும், மருந்துக் கடைக்காரர் மீதும் ஐயம் பிறந்துவிடுகிறது. தாளில் யாதொரு பிழையும் இல்லாதபோதும் இவ்வாறு நேரக்கூடும் என்பதை விளக்கவே வந்தோம்.

முதலில் அத்தாள் எங்ஙனம் உருவாகிறது என்று காண்போம். நோயாளியின் சீழிலிருந்தோ சிறுநீரிலிருந்தோ கிருமியைப் பிரித்து வளர்க்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் இனிப்புச் செய்யும் கடற்பாசி இருக்கிறதே, அந்த அகார்தான் அங்கே கிருமிக்கு வயல். ஊட்டம் கலந்த அகாரைத் தட்டில் உறையவிட்டு, அதன்மேல் கிருமியைச் சீராகத் தடவி, மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லைகளைப் பதிக்கிறார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் சென்றபின் நோக்கினால், மருந்துக்கு அடங்கும் கிருமியாயின், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, அடங்கும் என்பதற்கு 'எஸ்' என்றும், எதிர்க்கும் என்பதற்கு 'ஆர்' என்றும் குறிக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பவர், கெர்பி முதலியோர் 1966இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. எளியது, செலவு குறைந்தது. இன்றளவும் உலகெங்கும் கையாளப்படுவது.

ஆயின் அத்தட்டில் சோதிக்கப்படுவது புதிதாய்ப் பெருகுகின்ற, உதிரியான கிருமி. உடம்பினுள் வைத்த குழாயிலும் உலோக மூட்டிலும் அது அவ்வாறு வாழ்வதில்லை. நீர்த்தொட்டியின் உட்சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் அங்குள்ள வழுவழுப்பை அறிவார்கள். கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மை மூடிக்கொண்டு, ஊராய்க் கூடி வாழும் நிலை அது. இதனை உயிரிப்படலம் என்பர். ஹாலந்து தேசத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தம் பல்லின் ஊத்தையை உருப்பெருக்கியில் கண்டு, காடி விட்டுக் கழுவினாலும் மேற்புறத்து உயிர்களே மடிகின்றன, உட்புறத்தவை மடிவதில்லை என்று 1684ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். கல்லூரி வாசற்படி மிதியாத துணிக்கடைக்காரர் கண்டதை மருத்துவ உலகம் ஊன்றி நோக்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1978இல் காஸ்டர்டன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இத்துறை விரிந்தது.

படலத்தினுள் மருந்து தோற்பது எப்படி? பசை சில மருந்துகளைத் தடுத்துத் தாமதிக்கச் செய்கிறது. அதனினும் பெரிய காரணம், அடித்தளத்துக் கிருமிகள் உணவும் பிராணவாயுவும் குறைந்து அரைத்தூக்கத்தில் கிடப்பதே. பெனிசிலின் போன்றவை, கிருமி வளரும்போது கட்டுகின்ற சுவரைத்தான் குலைக்கும். கட்டாமல் உறங்குவதை ஒன்றும் செய்ய இயலாது. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இத்தகைய உறங்கிகள் பெனிசிலினுக்குத் தப்புகின்றன என்று ஐரிஷ் மருத்துவர் ஜோசப் பிகர் 1944இல் கண்டு சொன்னார். வியப்பு என்னவெனில், தப்பியவற்றை எடுத்து மறுபடி வளர்த்துச் சோதித்தால் அவற்றின் சந்ததி மருந்துக்கு முன்போலவே அடங்கும்! ஆகவே தாளில் மீண்டும் 'எஸ்' என்றே வரும். வீட்டார் குழம்புவதில் வியப்பில்லை.

படலத்தையே சோதிக்க ஒரு கருவி உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தார் 1999இல் அதனை வெளியிட்டனர். 96 குழிகள் கொண்ட தட்டு. அதன் மூடியில் கீழ்நோக்கி 96 முளைகள். கிருமிக் குழம்பில் முளைகள் தோய்ந்திருக்க, அவற்றில் படலம் படிகிறது. பின்பு மூடியைத் தூக்கி, பல்வேறு அளவில் மருந்து ஊற்றிய வேறொரு தட்டில் வைக்கிறார்கள். எந்த அளவில் முளையிலுள்ள படலம் முற்றும் அழிகிறது என்று பார்க்கிறார்கள். உதிரிக் கிருமியை அடக்கும் அளவைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருப்பதும் உண்டு. அவ்வளவை மனித உடம்பு தாங்காது.

அப்படியாயின் எல்லா ஆஸ்பத்திரியிலும் இச்சோதனையைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் பரம்பரை நுரையீரல் நோய் ஒன்றால் துன்புறுவோரிடம் இதனைச் செய்து பார்த்து 2011இலும் 2015இலும் வெளியான ஆய்வுகளில், பழைய முறையைவிட நோயாளிக்குக் கூடுதல் நன்மை விளைந்ததாகக் காணப்படவில்லை. முளையில் படியும் படலம் வேறு, உடம்பில் படியும் படலம் வேறு போலும். எனவே இது பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையிலேயே தங்கிவிட்டது.

ஆகையால்தான் டாக்டர்கள் படலம் படிந்த பொருளையே அகற்ற முற்படுகிறார்கள். பழைய சிறுநீர்க் குழாயை எடுத்துப் புதிது போடுகிறார்கள். மூட்டைத் திறந்து கழுவுகிறார்கள், அல்லது மாற்றுகிறார்கள். மூட்டில் ஸ்டைஃபிலோகாக்கஸ் கிருமி இருந்தால் ரிஃபாம்பிசினை மற்றொரு மருந்தோடு சேர்த்துப் பல வாரம் தருவதும் உண்டு. தனியே கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்புப் பெற்றுவிடும். "மருந்தே கேட்கும் என்று தாள் சொல்லும்போது குழாயை ஏன் பிடுங்க வேண்டும், கத்தி ஏன் வைக்க வேண்டும்?" என்று நம்மவர் வாதாடி நாள் கடத்துகிறார்கள். காய்ச்சல் ஏறி, கிருமி இரத்தத்தில் கலந்தபின் சம்மதிக்கிறார்கள். இவ்வாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று. மாதிரி எடுக்குமுன்பே பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரையை விழுங்கிவிட்டால் கிருமி தட்டில் வளராமற் போகும். தாள் வெறுந்தாளாக வரும். வலிமை மிக்க பல ஆண்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2014 முதல் விதி உண்டு. ஆயினும் அலமாரியில் மிஞ்சிய நான்கு மாத்திரைக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. ஏதேனும் உட்கொண்டிருந்தால் தாய்மார்கள் அந்த அட்டையையே டாக்டரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்; பெயரை மனப்பாடமாய்ச் சொல்ல முயல வேண்டாம்.