மலச்சிக்கலும் நமது ஆகாரமும்

(கடத்தூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் பாக்கியைப் பற்றிப் பேசவேண்டியவன் மலச்சிக்கலைப் பற்றிப் பேச எழுந்ததைக் கண்டு சிலர் நகைக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைப்பதனாலேயே இவ்வுபாதை முற்றி, மூலம், ஆசனவெடிப்பு முதலியவற்றிற்கு இடங்கொடுத்து, பாடுபடுவோரின் வேலை நாட்களைக் கெடுக்கிறது.

தினம் ஒருமுறை மலங் கழியாவிட்டால் வியாதி என்று எண்ணுவது சரியன்று. நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை கழிவது ஆரோக்கியமுள்ளவர்களிடமும் உண்டு. மலம் இறுகி, முக்கி வருந்திக் கழிக்க நேரிடுவதே மலச்சிக்கல். ஆகாரச் சக்கையிலுள்ள நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. சக்கை அங்கே அதிக நேரம் தங்கினால் வறண்டு கட்டியாகிவிடும். சக்கையே சொற்பமாயிருந்தாலோ, குடல் அதைச் சுலபமாய்த் தள்ளமாட்டாது.

இப்பக்கத்தில் நம் முன்னோர் கேழ்வரகுக் களியும் கீரையும் உண்டு உழைத்தவர்கள். இப்போது பல வீடுகளில் மூன்று வேளையும் தீட்டிய அரிசியே. ஐதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஸ்தாபனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையின்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ப்பொருள் சுமார் 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. 2023-ல் தர்மபுரி, நீலகிரி ஜில்லாக்களில் அரிசிக்கு ஈடாக ரேஷன் கார்டுக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாட்டை அரசாங்கத்தார் தொடங்கினர். ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவையே. அக்கேழ்வரகைக் கோழிக்கு இறைத்துவிட்டுப் பேதி மாத்திரைக்குக் காசு கொடுப்பது எந்தக் கணக்கில் சிக்கனமோ, நான் அறியேன்! ஆனால் களி, கீரை, பயறு, கொய்யா முதலியவற்றைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். திடீரென்று மிகுத்தால் வயிறு உப்பும். தண்ணீரும் தாராளமாய்ப் பருகவேண்டும்.

நிற்க, ஸ்திரீகளின் விஷயம் ஒன்று உண்டு. ஒதுங்க மறைவிடம் இன்றி இருட்டும் வரை அடக்குகிறார்கள். அதற்கு அஞ்சியே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். உணர்ச்சி வரும்போது அடக்கி அடக்கிப் பழகினால் அவ்வுணர்ச்சியே மழுங்கிப்போகும். வீட்டில் கழிப்பிடம் கட்டியும் அதில் விறகு அடுக்கி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவ்விறகை இன்றே வெளியே எடுங்கள். காலை ஆகாரம் முடிந்ததும் குடல் தானே அசையும். அவ்வேளையில் அவசரமின்றிச் சென்று உட்காருவது நல்ல பழக்கம்.

விளக்கெண்ணெயும் நிலாவாரையும் அன்றைய மலத்தை வெளியேற்றுமேயன்றிக் காரணத்தை நீக்கா. வைத்தியரைக் கேளாமல் வழக்கமாய் உட்கொள்ளலாகாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. குழந்தையின் ஆசனத்தில் வெற்றிலைக் காம்பைச் செருகுவதும் புண்ணுக்கும் சீழுக்கும் வழி. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் சிலருக்கு மலம் இறுகுவதுண்டு. அதற்காக மாத்திரையை எறிந்துவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவித்தால் மாற்றுவழி சொல்வார்கள்.

மலத்தில் இரத்தம் காணுதல், காரணமின்றி உடல் இளைத்தல், நடுவயதுக்குமேல் மலப்போக்கு புதிதாய் மாறுதல், இவற்றில் எது கண்டாலும் மூலமென்று தாமே தீர்மானியாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். வயிறு உப்பி, வாந்தியும் வலியும் கண்டு, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைபட்டிருக்கக்கூடும். அப்போது பேதி மருந்து ஒரு சொட்டும் கொடாமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.