இதயத் தசைத் தடிப்பு நோயை இனங்காணல்

(வெள்ளி விழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்வி விழா மேடையில் இதய நோயைப் பற்றிப் பேசுவானேன் என நீங்கள் எண்ணக்கூடும். நம் தெருப் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகின்றனர். 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் கடந்தாக வேண்டும். ஓட்டத்தின் நடுவே ஒருவன் மயங்கி விழுந்தால், வெறும் வயிற்றோடு ஓடினான் என்கிறோம், கண்ணேறு என்கிறோம், காக்காய் வலிப்பு என்று இரும்பைக் கையில் கொடுக்கிறோம். வேலை போய்விடுமே, பெண் கொடுக்க மாட்டார்களே என்று அஞ்சி அதனை மறைத்தும் விடுகிறோம். மயக்கங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆனால் ஓடும்போதோ சதுரகிரி ஏறும்போதோ வரும் மயக்கம் வேறு இனத்தது. அதற்குரிய காரணங்களுள் ஒன்றே இன்றைய பொருள்.

இதயத்தின் இடது கீழறையே உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்துவது. அதன் சுவர் இயல்பாக ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்புடையது. இரத்த அழுத்தம் கூடியவர்களுக்கும், பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கும் அது தடிப்பதுண்டு. பாரம் தூக்குபவனின் புயம் திரள்வதைப் போன்றது அது. அத்தகைய பாரம் எதுவுமின்றித் தானாகவே தடிக்குமாயின் அது பரம்பரை நோய். பெரும்பாலும் இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட தடுப்புச் சுவரே மிகுதியாகத் தடிக்கும். சிலருக்குக் குருதி வெளியேறும் வழியையே அது அடைக்கும். 1958 இல் இலண்டனில் டொனால்டு டியர் என்னும் மருத்துவர், திடீரென இறந்த இளைஞர்களின் இதயங்களை ஆராய்ந்து இதனை எழுதினார். 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது பிற்காலக் கணக்கு.

இதனை அறிய முதற்படி இ.சி.ஜி. எனும் மின் இதய வரைபடம். அதனை எடுத்தால் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள் என நம் பாட்டிமார் அஞ்சுகின்றனர். அக்கருவி மின்சாரம் எதனையும் செலுத்துவதில்லை. இதயத்தில் இயல்பாக எழும் நுண்ணிய மின் அலைகளைத் தாளில் வரைகிறது, அவ்வளவே. மார்பில் பட்டைகளை ஒட்ட வேண்டியிருப்பதால் பெண்கள் தயங்குவது இயற்கை. பெண் பணியாளர் வேண்டுமெனக் கேட்பதில் தவறேதும் இல்லை.

தடித்த தசை உயர்ந்த அலைகளை எழுப்பும். ஆனால் உயரத்தை மட்டும் நம்பிவிடலாகாது. நம் பிள்ளைகள் மெலிந்த மார்பினர். மெலிந்த மார்பில் நோயின்றியும் அலைகள் உயர்ந்து தோன்றும். ஆதலால் மருத்துவர் வேறு குறிகளையும் தேடுவார். மேல்நோக்கி நிற்க வேண்டிய ‘டி’ அலை ஆழமாகத் தலைகீழாய்க் கவிழ்ந்திருத்தல் ஒன்று. மாரடைப்பு வராத இளைஞனிடம் குறுகிய ஆழமான ‘கியூ’ அலைகள் காணப்படுதல் மற்றொன்று. இதயத்தின் நுனி மட்டும் தடிக்கும் வகையில் ‘டி’ அலைகள் மிகப் பெரிதாய்க் கவிழும். இவ்வகையை ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இத்தகைய தாளைப் பழைய மாரடைப்பு எனத் தவறாகப் படிப்பதும் உண்டு. நோயுள்ளோரில் ஒரு சிறு பங்கினருக்கு இ.சி.ஜி. முற்றிலும் இயல்பாகவே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஐயத்தைத் தெளிவிப்பது ‘எக்கோ’. 1953 இல் சுவீடன் நாட்டில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிய முறை இது. ஒலியலை திரும்பி வருவதைக் கொண்டு சுவரை அளப்பது. பெரியவரிடம் வேறு காரணமின்றி 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்பர். நோயாளியின் உடன்பிறந்தார், பெற்றோர், மக்களுக்கு 13 போதும். படுத்திருக்கையில் தெரியாத அடைப்பு, மூச்சடக்கி முக்கும்போதோ எழுந்து நிற்கும்போதோ வெளிப்படும். ஆகவே அவ்வாறு செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள். நுனித் தடிப்பு எக்கோவில் தப்பிவிடலாம், அப்போது எம்.ஆர்.ஐ. படம் உதவும். அது தசையில் விழுந்த தழும்பையும் காட்டும்.

இனி நமக்கு நெருங்கிய செய்தி. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உண்டென 2009 இல் ஓர் ஆய்வு கூறிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்து ஆய்வு நிலையமும் அதிற் பங்குகொண்டன. பல மாநிலங்களிலும் பல சமூகங்களிலும் அம்மாற்றம் காணப்பட்டது. ஊருக்கும் சேரிக்கும் இடையே கிழித்த கோடு அதற்குத் தெரியாது. ஆயினும் அஃது உடையோர் அனைவரும் நோயாளர் ஆவதில்லை. பின்வந்த ஆய்வுகள் முதலில் எழுந்த அச்சத்தைப் பெரிதும் குறைத்துள்ளன.

நோய் உறுதியானவரின் மக்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு செல்ல இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நோய் உள்ள குடும்பத்திற்குள்ளேயே தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ பெண் கொடுத்தால், பிறக்கும் குழந்தைக்கு இருவழியிலும் அது வந்து சேரக்கூடும். அந்நிலை மிகக் கடுமையானது. உறவு விட்டுப்போகக் கூடாதென்று வாதிடும் பெரியவர்கள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் நாற்பது வயதிற்குள் திடீரென இறந்தவர் உண்டா என மருத்துவர் கேட்டால் மறைக்காமற் சொல்லுங்கள். ஒருவருக்கு நோய் தெரிந்தால் நெருங்கிய இரத்த உறவினர் அனைவரும் இ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முறை இயல்பாக இருந்ததென்று விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மீண்டும் பார்க்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதயத் துறை உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அடைப்புள்ள இவ்வகை நோயில் அது மயக்கத்தையே வரவழைக்கும்.

நோய் இருந்தால் வாழ்வு முடிந்ததென்பதில்லை. இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரைகள் உள்ளன. தடித்த பகுதியைச் செதுக்கும் அறுவை உண்டு. ஆபத்து மிகுந்தோர்க்கு உடலிற் பொருத்தும் மின்னதிர்வுக் கருவி உண்டு. நடை, சைக்கிள் முதலிய மிதமான பயிற்சி பலருக்கு நன்மையே. காவலர் தேர்வு ஓட்டம் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே.

இறுதியாக ஒரு சிறு செய்தி. இ.சி.ஜி. தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. பெட்டியில் கிடந்தால் சில ஆண்டுகளில் வெளிறிவிடும், பிளாஸ்டிக் உறையில் இன்னும் விரைவில். எடுத்த அன்றே ஒரு நகல் எடுத்து, தேதி எழுதி, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்குப் பழைய தாள் வேண்டியிருக்கும்.