பஸ்ஸில் இடமில்லை, யுத்தத்தில் இடமுண்டு!

(திருவொற்றியூரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டம் ஒன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, துறைமுகத்திலும் ஆலைகளிலும் பாடுபடும் தோழர்களே, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களே!

நான் கல்லூரியில் வரலாறு படிக்கிற மாணவன். இந்த ஆண்டு எங்களுக்கு அமெரிக்க வரலாறு ஒரு பாடம். அதில் படித்ததை இங்கே சொல்லும்படி கேட்டார்கள். அமெரிக்கா செய்த யுத்தத்துக்கும் ராயபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கெட்டிக்காரன் ஒருவனைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் பயந்து ஊரை விட்டு ஓடினார்கள். சண்டை பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஜெர்மன் சர்க்காருக்கும். குண்டு விழுந்ததோ நம் கரையில். யுத்தத்தை யார் தொடங்கினாலும், அது வந்து சேரும் இடம் துறைமுகமும் தொழிற்சாலையும் ஏழையின் குடிசையும்தான். அதனால்தான் இதை நாம் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் புத்தகத்தில் அமெரிக்காவின் யுத்தங்கள் ஓர் அத்தியாயம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வேறோர் அத்தியாயம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு தாளில் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

1965 மார்ச் 7. அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊர். ஓட்டுரிமை கேட்டு அமைதியாக ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கியது. பெண்கள் ரத்தம் சொட்டச் சாய்ந்தார்கள். மறுநாள் மார்ச் 8. வியட்நாமின் டா நாங் கரையில் 3,500 அமெரிக்கத் துருப்புகள் இறங்கின. எதற்காக? வியட்நாம் மக்களுக்குச் சுதந்திரம் தருவதற்காம்! முந்தின நாள் தன் பிரஜையின் மண்டையை உடைத்த சர்க்கார், மறுநாள் கடல் கடந்து சுதந்திரம் கொடுக்கப் போகிறது!

அந்தத் துருப்புகளில் இருந்தவர்கள் யார்? அன்று அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு ராணுவத்தில் சேருவதிலிருந்து விலக்கு உண்டு. கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்தவன் வீட்டில் இருந்தான். முடியாதவன் காட்டுக்குப் போனான். அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் அப்போது நூற்றுக்குச் சுமார் 11 பேர். ஆனால் 1965, 1966 ஆண்டுகளில் வியட்நாமில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார உரிமை இல்லாதவனுக்கு, யுத்தத்தில் முன் வரிசையில் தாராளமாக இடம் கொடுத்தார்கள்!

அந்த இடம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். முகமது அலி! அவரை வட சென்னைக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையை உயிராய் வளர்த்த பேட்டைகள் இவை. 1980இல் அவர் சென்னைக்கே வந்து நேரு விளையாட்டரங்கில் கையுறை மாட்டிக் காட்சிச் சண்டை போட்டார். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் அவருடைய பெரிய சண்டை கூண்டுக்கு வெளியே நடந்தது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் அவர் பெயரைச் சொல்லிப் பட்டாளத்தில் சேர அழைத்தார்கள். அவர் ஓர் அடி முன்னே வைக்க மறுத்தார். உலகப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்பீல் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவரைச் சண்டை போட விடவில்லை. 1971இல்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அவர் குத்திய குத்தை நாம் கொண்டாடினோம். அவர் அசையாமல் நின்ற அந்த நிமிஷத்தையும் கொண்டாட வேண்டும்.

அதே ஏப்ரலில் இன்னொருவரும் வாய் திறந்தார். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துப் பேசினார். ஏழைகளின் நலத்துக்கு ஒதுக்கிய பணத்தை யுத்தம் விழுங்குகிறது, ஏழைகளின் பிள்ளைகளையும் விழுங்குகிறது என்று கணக்குக் காட்டினார். அதுவரை அவரைப் புகழ்ந்த பெரிய பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசு, பட்ஜெட்டைப் பற்றிப் பேசாதே என்பதுதான் அதன் அர்த்தம். இந்தக் குரல் நமக்குப் புதிதா? கூலியைப் பற்றி மட்டும் பேசு, கொள்கையைப் பற்றிப் பேசாதே என்று நம்மிடமும் சொல்லுகிறவர்கள் உண்டே!

அவர் எப்படிச் செத்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மெம்பிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளிகள் குப்பை நசுக்கும் லாரிக்குள் சிக்கி நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் ஒரு மனிதன்" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி பணிந்தது. சங்கத்தை அங்கீகரித்தது, சம்பளத்தை உயர்த்தியது.

அதே 1968 டிசம்பர் 25. நம் தஞ்சைத் தரணியில் கீழ்வெண்மணி. நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வழக்கு ஐந்து ஆண்டு நடந்தது. 1973இல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. மெம்பிஸ் எங்கே, வெண்மணி எங்கே? பத்தாயிரம் மைல் இருக்கலாம். ஆனால் கேட்டது ஒன்றுதான்: நான் மனிதன், என் உழைப்புக்குக் கூலி கொடு. இன்றும் மலக்குழிக்குள் ஆளை இறக்கித்தான் சாகடிக்கிறார்கள். 2013இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. சாகிறவன் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டுமா?

தோழர்களே! இனிமேல்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

மாண்ட்காமரி பஸ் பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. தையல் தொழிலாளி ரோஸா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்ததில் தொடங்கியது. புத்தகத்தில் அது ஒரு பெண்ணின் தனி வீரம் போல இருக்கிறது. வீரம் உண்மை. ஆனால் அவரைச் சிறையிலிருந்து ஜாமீனில் எடுத்து, பகிஷ்காரத்துக்கு ஆள் திரட்டியவர் ஈ. டி. நிக்ஸன். ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர். போர்ட்டர்கள் சங்கத்துத் தலைவர். அந்தச் சங்கத்தை 1925இல் நிறுவிய ராண்டால்ப், 1941இல் வாஷிங்டனை நோக்கி ஊர்வலம் வருவோம் என்று அறிவித்தார். அதற்குப் பயந்துதான் ஆயுதத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்று ஜனாதிபதி உத்தரவு போட்டார். 1963இல் லட்சக்கணக்கானோர் திரண்ட வாஷிங்டன் ஊர்வலத்தின் முழுப் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான ஊர்வலம். சங்கம் இருந்த இடத்தில்தான் உரிமை வேர் பிடித்தது.

சங்கம் கதவைச் சாத்திய இடத்தில் என்ன நடந்தது? 1919இல் அமெரிக்க இரும்பாலைகளில் மூன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே பல சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. முதலாளிகள் என்ன செய்தார்கள்? பல்லாயிரம் கறுப்பினத்தவரை ரயிலேற்றிக் கொண்டுவந்து வேலையில் அமர்த்தினார்கள். வேலைநிறுத்தம் உடைந்தது. கருங்காலி என்று அவர்களை ஏசினார்கள். சங்கத்துக்குள் விடாத ஆளைச் சங்கத்துக்குத் துரோகம் செய்தான் என்று எப்படிச் சொல்வது?

இரண்டே ஆண்டு கழித்து, 1921இல், இதே கதை பெரம்பூரில் நடந்தது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம். 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் முன்னே நின்றது. இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். நிர்வாகமும் வெள்ளைக்கார சர்க்காரும் அந்தப் பிளவை ஊதிப் பெரிதாக்கின. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. பல மாதம் பட்டினி கிடந்த தொழிலாளி தோற்று உள்ளே போனான். ஆலையில் தோளோடு தோள் நின்றவன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றிருந்த காலம் அது. அந்தக் கிணற்றுக்காகச் சங்கம் ஒரு நாளாவது வேலையை நிறுத்தியிருந்தால், 1921 வேறு விதமாக முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அந்த ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. பாடம் மூடப்படவில்லை. எண்ணூரிலும் மணலியிலும் இன்று கான்ட்ராக்டில் வேலை செய்பவர்கள் யார்? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள். "வடக்கத்தியான் வந்து நம் வேலையைப் பறித்தான்" என்று டீக்கடையில் பேசுகிறோம். பறித்தது அவனா? நிரந்தர வேலையைக் கான்ட்ராக்ட் வேலையாக மாற்றியவன் யார்? குறைந்த கூலிக்கு அவனை வைத்து, உன் கூலியையும் இறக்கியவன் யார்? அவனை நாம் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினால், நாளை முதலாளி அவனை நமக்கு எதிரே நிறுத்துவான். 1919இல் நடந்தது அதுதான். 1921இல் நடந்ததும் அதுதான்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குத் துறைமுகத் தொழிலாளியே சாட்சி. அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு துறைமுகத் தொழிலாளர் சங்கம் உண்டு. நிறம் பார்க்காமல் ஆள் சேர்த்த சங்கம். அதன் சான்பிரான்சிஸ்கோ கிளை 1967இல் டாக்டர் கிங்கைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கம் 2008 மே 1 அன்று இராக் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி மேற்குக் கரையின் 29 துறைமுகங்களிலும் வேலையை நிறுத்தியது. கிரேன் நின்றது. கப்பல் காத்துக் கிடந்தது. தங்கள் சொந்த நாட்டு சர்க்காரின் யுத்தத்தை எதிர்த்து, அந்த நாட்டுத் தொழிலாளிகளே! அமெரிக்கா என்றால் வெள்ளை மாளிகை மட்டுமல்ல. அந்தத் தொழிலாளியும் அமெரிக்காதான். அவனோடு நமக்குப் பகை இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சங்கக் கூட்டத்தை அந்த ஒடியாப் பிள்ளைகள் தங்கியிருக்கிற சந்திலேயே போடுங்கள். அவர்கள் சம்பளச் சீட்டையும் நம் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் வேண்டுமென்றால், அந்த மொழி தெரிந்த மாணவர்களைத் தேடிப் பிடித்து எழுதி வாங்கித் தருவது என் பொறுப்பு. கிராமத்துத் தோழர்களே, உங்கள் சங்கக் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, எந்தத் தெரு ஆள் அதற்கு வருவதில்லை என்று நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

கதவு திறந்திருக்கிற சங்கத்தை எந்த முதலாளியாலும் உடைக்க முடியாது. இதைத்தான் நான் அமெரிக்க வரலாற்றில் படித்தேன். பெரம்பூர் வரலாற்றிலும் அதுவே எழுதியிருக்கிறது.